சாம்பலரசிக்குத் தீனி

சாம்பலரசியைச் சுவரில் ஏற்றாமல் விடுவதில்லை என்று ஆர்வோ ஹாபலா பனிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் டுலூத் நகரத்தில், ஏரிக்கு இறங்கும் சரிவில், படச்சீட்டு விற்று ஆடவும் இடம் கொடுக்கும் ட்ரூடியின் கடைக்கு வருகிறவர்களில் அதைக் கேட்காத காது கிடையாது. இரும்புத்தாதுக் கப்பல்களுக்குச் சரக்கேற்றும் துறையில் ஆயுசைக் கழித்த மனுஷர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அச்சில் வந்த எதையும் நம்பமாட்டார். ரொட்டிப் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைக்கூட முகர்ந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். மருமகன் ஒருவன் இந்தச் சீட்டாட்டத்தைப் பழக்கிவிட்டான். மருமகன் விட்டுவிட்டான், இவர் விடவில்லை. சனிக்கிழமையானால் சீட்டுக்கட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பனிக்கால லீக்கில் ஜெயிக்கிறவர் ஒரே ஒரு சீட்டின் பெயரைச் சொல்லலாம். அந்தச் சீட்டைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவாள் ட்ரூடி. அடுத்த லீக் முடிகிறவரை அதை அந்தக் கடையில் எவனும் ஆடக் கூடாது. போன வருஷம் சுவரேறியது ஒரு தவளை. தவளைக்காக யாரும் அழவில்லை.

இந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் ஆர்வோ உட்கார்ந்துவிட்டார். எதிரே பாவ் ஷியாங். வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளைப் பழுது பார்க்கிறவன், முப்பது வயசு இருக்கும். அவன் சீட்டுக்கட்டில்தான் சாம்பலரசி இருந்தாள். அதனால் இன்று ஆர்வோ ஜெயித்தால் அவள் கதை முடிந்தது. எல்லோருக்கும் அது தெரியும். ஆட்டம் தொடங்கும் முன்பே கடையில் வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது.

"ஒரு டிராகன் கார்டுக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா பெரிசு?" என்றான் டெல்பர்ட். பள்ளி பஸ் ஓட்டுகிறவன். அரையிறுதியில் பாவிடம் தோற்றவன்.

"உன் கட்டை மொத்தமா எரிச்சிட்டுப் போனா. உனக்கு எரியலையா?"

"எரிஞ்சுதுதான். ஆனா என்னா அழகா எரிச்சா தெரியுமா. பத்து நிமிஷமா கட்டின கோட்டை. வந்து எறங்கினா, மேஜை துடைச்ச மாதிரி ஆயிடுச்சு. எனக்கே கைதட்டணும்னு தோணுச்சு."

"உனக்குத் தோணும். ஸ்கூல் பஸ்ல தெனம் அடிவாங்கி அடிவாங்கி ருசி கண்டவன் நீ."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் மார்னி சிரித்தாள். அவள் ஆட்டத்தில் அவ்வளவு கெட்டி இல்லை, படத்துக்காகச் சீட்டு சேர்க்கிறவள். "அவ மூஞ்சிய ஒரு தடவையாவது ஒழுங்கா பாத்திருக்கியா ஆர்வோ? மத்த டிராகன் எல்லாம் பல்லக் காட்டிட்டு நிக்கும். இவ வாயத் தொறக்கவே இல்ல. சும்மா பாக்கறா. எனக்கு அதுதான் பயம்."

"படம் போடறவனுக்குக் கூலி குடுத்தா என்ன வேணா போடுவான். கார்டு பாக்கெட் விக்கணும், அவ்வளவுதான். அஞ்சு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ராட்சசிய எறக்கி விடுவானுங்க, நாம நாக்கத் தொங்கப் போட்டுட்டு ஓடணும்."

"நான் அந்த பாக்கெட் வித்துத்தான் கடை வாடகை கட்டறேன்," என்றாள் ட்ரூடி, காப்பிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டே. "அதையும் சொல்லிடு. ஆனா இருபது வருஷமா கார்டு விக்கறேன் ஆர்வோ. பலமான கார்டு நிறைய வந்துச்சு, போச்சு. பலமாவும் இருந்து ஆடறவனையும் சோதிக்கிற கார்டு இது ஒண்ணுதான் நான் பாத்தது."

அவள் சொன்ன சோதனை என்னவென்று அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்வோவுக்கு எல்லோரையும்விட அதிகமாக. சாம்பலரசி மேஜையில் இறங்கினால் இரண்டு பக்கமும் கிடக்கும் மற்ற எல்லாச் சீட்டும் எரியும். மந்திரம், கத்தி, விஷம் எதுவும் அவளைத் தொடாது. அவள் அடிக்கும் மூன்று அடியை யாரும் தாங்கமாட்டார்கள். ஆனால் அவளுக்குப் பசி உண்டு. அவளை வைத்திருப்பவன் தன் முறை வந்ததும், புதுச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, கையிலிருக்கும் ஒரு சீட்டை அவளுக்குத் தீனியாகப் போட வேண்டும். கையில் சீட்டு இல்லையென்றால் அவள் எழுந்து எதிராளி பக்கம் பறந்துவிடுவாள். போகிற போக்கில் மறுபடியும் எல்லாவற்றையும் எரிப்பாள்.

இந்தப் பசியை நம்பித்தான் ஆர்வோ எலிக்கூட்டச் சீட்டுகளைத் தன் கட்டில் அடைத்து வைத்திருந்தார். ஒரு எலிக்கூட்டத்தை இறக்கினால் எதிராளி கையிலிருந்து ஒரு சீட்டைக் கீழே போட வேண்டும். அழகில்லாத ஆட்டம். எலியை யாருக்கும் பிடிக்காது. ஆர்வோவுக்கும் பிடிக்காதுதான். ஆனால் ராட்சசியைப் பட்டினி போட வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

"பாவ், நீ ஒண்ணும் சொல்லலையே," என்றாள் மார்னி.

பாவ் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தான். "என்ன சொல்ல. அவ இருந்தா எனக்கு வேற எதுவும் கண்ணுல படறதில்ல. அது நல்லதா கெட்டதான்னு தெரியல. ஆரம்பிக்கலாமா ஆர்வோ?"

முதல் ஆட்டம் ஆர்வோவுக்கு. சாம்பலரசி அதில் வரவே இல்லை. இரண்டாவதில் அவள் சீக்கிரமே வந்தாள், சீக்கிரமே முடிந்தது, அது பாவுக்கு. மூன்றாவது ஆட்டத்துக்குக் கடையே மேஜையைச் சுற்றி நின்றது. வெளியே பனிவாரி வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.

ஆர்வோ நன்றாகத்தான் ஆடினார். இரண்டு அடி கொடுத்தால் பாவ் சாய்ந்துவிடுவான் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்போது பாவ் மேஜையைப் பார்த்தான், பெரிய சீட்டை இறக்க விலையாகச் சேர்த்து வைத்திருந்த ஏழு கல்லையும் திருப்பினான், சாம்பலரசியை இறக்கினான்.

"வந்துட்டா மகராசி," என்றான் டெல்பர்ட், மெதுவாக, சர்ச்சுக்குள் பேசுகிற மாதிரி.

எல்லாம் எரிந்தது. ஆர்வோ தன் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழிவுக் குவியலில் வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தன் முறையில் ஒரு எலிக்கூட்டத்தை இறக்கினார். பாவ் ஒரு சீட்டைப் போட்டான், ஒன்றைத் தீனி கொடுத்தான், அடித்தான். மறுபடி ஆர்வோவுக்கு எலி. மறுபடி பாவ் கையிலிருந்து ஒரு சீட்டு போனது. ஒன்று தீனி, இரண்டாவது அடி. இன்னும் ஒரு அடி விழுந்தால் ஆர்வோ அவ்வளவுதான். அவர் கையில் மூன்று சீட்டு, அதில் ஒன்று எலி. பாவ் கையில் ஒரே ஒரு சீட்டு.

எலியை இறக்கினார்.

பாவ் கடைசிச் சீட்டையும் போட்டுவிட்டு வெறுங்கையை விரித்துக் காட்டினான். அவன் முறை வந்தது. தீனி இல்லை. அவன் சாம்பலரசியை இரண்டு கையாலும் எடுத்து மேஜையின் மறுபக்கம் ஆர்வோ முன்னால் வைத்தான். எலிகள் எரிந்தன. பிறகு ஒரு சீட்டு எடுத்தான். அதை ஆடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"இப்ப அவ உன் பொண்ணு பெரிசு," என்றான் டெல்பர்ட். "நல்லா பாத்துக்கோ."

பனிக்காலம் முழுக்க எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே பார்த்த சீட்டு அது. இப்போது நேராகப் பார்த்தார். மார்னி சொன்னது சரிதான், அவள் வாயைத் திறக்கவில்லை. மேலெல்லாம் கரி, கழுத்தடியில் மட்டும் கொஞ்சம் தணல். கண் நேராக அவரைப் பார்த்தது. கோபமில்லை. துறைமுகத்தில் ஒரு பழைய பாரந்தூக்கி இருந்தது, சரியாகக் கட்டினால் மலையைத் தூக்கும், தப்பாகக் கட்டினால் கட்டினவன் தலையிலேயே போடும். அந்த எந்திரத்தை அவர் மதித்திருக்கிறார். அந்த மாதிரி ஒரு பார்வை.

தன் முறையில் ஒரு சீட்டைத் தீனி போட்டார். எரிச்சலாக இல்லை. அடித்தார். பாவ் இனி ஒரே ஒரு அடிதான் தாங்குவான். அடுத்த முறை அவள் இன்னொரு அடி அடித்தால் முடிந்தது. லீக் இவருடையது, சுவர் இவருடையது.

கையில் பழசில் மிச்சமும், புதிதாக எடுத்ததும் சேர்த்து இரண்டு சீட்டு. ஒன்று கல்மதில், இன்னொன்று ஏரிமூட்டம். இரண்டும் காவல் சீட்டு. அப்போதுதான் அவருக்குள் பழைய புழு நெளிந்தது. இவளை எப்படி நம்புவது? இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. ஏதாவது ஆகி அவள் திரும்பிவிட்டால் தன் முன்னால் மறைப்புக்கு ஒரு செங்கல்கூட இல்லை. மனுஷன் தற்காப்பு இல்லாமல் உட்காரலாமா?

கல்மதிலை இறக்கினார். ஏரிமூட்டத்தையும் இறக்கினார். "ஆச்சு, உன் முறை," என்றார்.

ட்ரூடி காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள். டெல்பர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மார்னி அவன் காலை மிதித்தாள். ஆட்டத்தின் நடுவே யாரும் யோசனை சொல்லக் கூடாது.

பாவ் ஒரு சீட்டு எடுத்தான். அதையும் ஆடவில்லை. இரண்டு சீட்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "உங்க முறை ஆர்வோ," என்றான்.

ஆர்வோ கட்டின் மேல் கை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. சீட்டு எடுப்பதற்கு முன்பே பசி. பனிக்காலம் பூரா ஊருக்கெல்லாம் ஒப்பித்த வரி. எதிராளி கையை எண்ணி எண்ணிப் பழகியவர் தன் கையை எண்ணவில்லை. வெறுங்கை.

அவரே அவளை எடுத்து மறுபக்கம் வைத்தார். போகிற போக்கில் மதிலும் மூட்டமும் எரிந்தன. எந்தத் திரும்பலுக்குப் பயந்து அவற்றைக் கட்டினாரோ, கட்டியதாலேயே அவள் திரும்பினாள்.

புதிதாக எடுத்த சீட்டு எலி. இறக்கினார். பாவ் ஒரு சீட்டைப் போட்டான், இன்னொன்று மிச்சம் இருந்தது. தன் முறையில் அதைச் சாம்பலரசிக்குப் போட்டான். மூன்றாவது அடி.

டெல்பர்ட், "எதிரிக்கிட்ட போன பிறகும் அவளுக்குன்னு சோறு எடுத்து வெச்சிருந்திருக்கான்யா இவன்," என்றான். "அதுவும் ரெண்டு தட்டு. எலி வரும்னு தெரிஞ்சு."

"தெரியும்," என்றார் ஆர்வோ. "பாத்தேன்." கையை நீட்டினார். பாவ் குலுக்கினான்.

"ஏமாத்திட்டான்னு சொல்லேன் பெரிசு. கம்பெனிக்காரன் சதின்னு சொல்லு. சொல்லாட்டி எங்களுக்குத் தூக்கம் வராது."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அவ மேல என்ன எழுதியிருக்கோ அதத்தான் செஞ்சா. ஒரு எழுத்து கூடுதலும் இல்ல, கொறைச்சலும் இல்ல. ரொட்டிக்காரன் கூட அப்படி நடந்துக்கறதில்ல." சீட்டைப் பாவ் பக்கம் திருப்பி வைத்து, "நல்ல கார்டு," என்றார். பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது அவருக்கு.

ட்ரூடி சட்டத்தையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள். "சொல்லு பாவ். யாரு சுவருக்கு? எலிங்களா?"

எல்லோரும் ஆர்வோவைப் பார்த்துச் சிரித்தார்கள். எலி சுவரேறினால் சாம்பலரசியைத் தடுக்க அந்தக் கடையில் ஒருவனாலும் ஆகாது. ஆர்வோ தலையசைத்துக்கொண்டார். ஜெயித்தவன் அப்படித்தான் செய்வான். அவர் இருந்தாலும் அப்படித்தான்.

பாவ் உறையோடு சாம்பலரசியை எடுத்து ட்ரூடியிடம் நீட்டினான். "இவளையே மாட்டுங்க."

"உனக்குக் கிறுக்கா?" என்றார் ஆர்வோ. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, குரல் அவ்வளவு வேகமாக வந்தது.

"இல்ல ஆர்வோ. ரெண்டு வருஷமா இவளத் தவிர வேற ஒரு கார்டையும் நான் சரியா படிச்சதில்ல. என் கட்டுல மீதி எல்லாம் இவளுக்குத் தீனி, அவ்வளவுதான். இவ இல்லாம எனக்கு ஆடத் தெரியுமான்னு எனக்கே தெரியல. இவ கையில இருக்கற வரைக்கும் நானா எறக்கி வைக்க மாட்டேன். சுவர்தான் புடுங்கணும்."

"அட முட்டாப் பயலே, இன்னிக்கு ஜெயிச்சது அவ இல்ல. அவ என் பக்கம் உக்காந்திருந்தப்ப நான் தோத்தேன். உன் கையில இருந்த ரெண்டு கார்டுதான் ஜெயிச்சது. எலிய மாட்டு. நானே சொல்றேன், எலிய மாட்டு. அந்தக் கழிசடைய யாரு பாக்கறா?"

"பனிக்காலம் பூரா இவள மாட்டணும்னு கத்தினது நீங்கதானே?"

"கத்தினேன். அப்ப நான் அவளக் கையில வெச்சுப் பாத்ததில்ல."

ட்ரூடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஜெயிச்சவன் சொல்றதுதான் இங்க. ரெண்டாவது பேச்சு கிடையாது."

"இவளயே," என்றான் பாவ்.

புது ஆணி நாலே தட்டில் இறங்கியது. தவளையை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள். மார்னி தூரத்தில் நின்று பார்த்து, சட்டத்தை ஒரு விரல் அளவு நேராக்கச் சொன்னாள். ஆர்வோ கேட்டது கிடைத்துவிட்டது. ஒரே ஒரு முறை அவளுக்குத் தீனி போட்டிருக்கிறார். இன்னும் ஒரு முறை போட்டிருந்தால் போதும். அவளை எப்படி ஆடுவது என்று இப்போதுதான் தெரிகிறது, இனி இங்கே ஆட ஒரு வருஷம் ஆகும்.

கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி வந்தார். பாவ் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உங்கிட்ட அவ இன்னொண்ணு இருக்கா?"

"வீட்ல ஒண்ணு இருக்கு. மூலை கொஞ்சம் மடங்கினது. ஏன்?"

"ஞாயித்துக்கெழம என் வீட்டுக்கு வா. கட்ட எடுத்துட்டு வா, அவளையும் எடுத்துட்டு வா."

"அங்க ஆடலாமா? சுவர்?"

"என் வீட்டுச் சுவர்ல காலண்டர்தான் தொங்குது," என்றார் ஆர்வோ. "மொத ஆட்டத்துல அவ என் கட்டுல இருப்பா. எலிய நீ வெச்சுக்கோ."