நீர்நாய்த் தட்டு

மின்சார மீட்டர் பார்த்தே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். இரண்டாயிரம் நாய்கள் என்னைத் துரத்தியிருக்கின்றன. கடிக்காமல் விட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே விலங்குகளின் காலடி பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற தெம்பில், ஓய்வுபெற்ற மறுநாளே தங்கச்சியின் பீங்கான் பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தட்டு செய்கிற விதமே தனி. விலங்கை வரையமாட்டாள். சாயங்காலம் ஈரக் களிமண்ணை மெல்லிசாகத் தேய்த்து ஆற்றங்கரையில் விரித்துவிட்டு வருவாள். காலையில் எது மிதித்திருக்கிறதோ அந்தத் தடத்தோடு வெட்டிச் சூளையில் சுடுவாள். கீரி மிதித்தால் கீரித் தட்டு, கொக்கு மிதித்தால் கொக்குக் கிண்ணம். ஒருமுறை அவள் புருஷன் தெரியாமல் மிதித்துவிட, அதையும் சுட்டு அவருக்கே சாப்பாடு போட்டாள்.

ஆனால் அவள் உயிரெல்லாம் நீர்நாய்த் தட்டில்தான். மேலே அணை கட்டியபின், நத்தைக்குக் கால் இருந்தால் நனையாமல் கடந்துவிடும் என்கிற அளவுக்கு ஆறு இளைத்துவிட்டது. பதினாலு மாதமாக நீர்நாய்த் தடம் ஒன்றுகூட இல்லை.

"போயிருக்காதுண்ணா. கொஞ்சம் தள்ளி நடக்குது, அவ்வளவுதான்," என்பாள். விரிப்பை அகலமாக்கிக்கொண்டே போனாள். அதில் விமானமே இறங்கலாம். அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை. "மாசக் கடைசிவரைக்கும் பார்க்கிறேன். அப்புறம் விட்டுடறேன்."

கடைசி நாள் விடியலில் அவளுக்கு முன்னால் போய், என் ஐந்து விரலையும் குவித்து நாலு தடம் பதித்தேன். படைத்தவனே பார்த்தாலும் 'இதை எப்போது செய்தேன்' என்று யோசிப்பான்.

அவள் வந்து மண்டியிட்டாள். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அந்தத் துண்டைப் பட்டறைக்குத் தூக்கி வந்தாள்.

மறுநாள் ஓரங்களைத் தேய்க்க உட்கார்ந்தவள், ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணா, நீர்நாய்க்குக் கைரேகை உண்டா?"

"சில ஜாதிக்கு உண்டு."

"நடுவிரல்ல தழும்பு?"

"அதை ஏதாவது நாய் கடிச்சிருக்கும்."

நான் கொட்டாவி விட்டாலே சிரிக்கிற அவள் புருஷன்கூடச் சிரிக்காமல் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் துண்டை இரண்டாக உடைத்து, சேற்று வாளியில் போட்டாள். அது கரையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏமாத்தினதுக்குக் கோபமில்லண்ணா. அது வரும்னு நீ நினைச்சிருந்தா இப்படிச் செஞ்சிருக்கமாட்டே. உனக்கும் நம்பிக்கை இல்ல. அது தெரிஞ்சுபோச்சு."

முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த நாயும் இப்படிக் கடித்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஆற்றுக்குப் போகவில்லை. நான் போனேன். விரித்தேன். காலையில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த கோடுகூட இல்லை, வழவழவென்று கிடந்தது. சுருட்டி எடுத்து வந்தேன். அவள் அதை வாங்கி, வட்டம் வட்டமாகத் தடமில்லாத வெறும் தட்டுகள் வெட்டத் தொடங்கினாள்.