எண்பது எண்கள்

சோதனை அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வெளியே மட்டும்தான் பூட்டு. மூன்று வருஷங்களுக்கு முன் சோதனைக்கு வந்த கருவிகளில் இரண்டு காணாமல் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. சோதிக்கிறவர் காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசியை வெளி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சாவிக்காரர் பூட்டுவார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குத் திறப்பார், ஒன்றரைக்கு மறுபடி பூட்டுவார், ஐந்துக்குத் திறந்துவிடுவார். அலுவலக உதவியாளர் என்று அவருக்கு ஒரு பதவி உண்டு. எங்கள் மாடியில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'சாவி' என்றால் அவர்தான்.

"பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா சார்? அப்புறம் கதவைத் தட்டினா எனக்குக் காது கேக்காது."

"போயாச்சு. பூட்டுங்க."

"படிச்ச மனுஷனை உள்ள தள்ளிப் பூட்டுறப்ப எனக்கே ஒரு மாதிரி இருக்கு. என்ன தப்பு பண்ணீங்கன்னு கேக்கத் தோணுது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டு விழுந்த சத்தம் அறைக்குள் சற்று நேரம் நின்றது.

நீள மேசையில் இருபது டேப்லெட்டுகள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கொள்முதல் பிரிவு வாங்குகிறவை. இது இரண்டாவது லாட், முதல் தொகுதியைப் போலவே பன்னிரண்டாயிரம். அதிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த இருபது. என் வேலை சுலபமானது. எல்லாவற்றிலும் ஒரே பாடக் காணொளியை ஓடவிட்டு, மணிக்கொரு முறை பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று படிவத்தில் எழுத வேண்டும். எட்டாவது மணி நேரத்தில், அதாவது மாலை ஐந்துக்கு, இருபது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் தேர்ச்சி.

காணொளியில் ஒரு டீச்சர் பின்னங்களை விளக்கிக்கொண்டிருந்தார். ஒலியை அணைத்திருந்தேன். இருபது டீச்சர்கள் ஓசையில்லாமல் ஒரே வட்டத்தை நான்காக வெட்டினார்கள்.

பத்து மணிக்குத் தொண்ணூற்றொன்று. பதினொன்றுக்கு எண்பத்திரண்டு. பன்னிரண்டுக்கு எழுபத்துமூன்று. ஒரு மணிக்கு அறுபத்துநான்கு.

இந்த எண்களை எனக்கு முன்பே தெரியும். நான்கு மாதங்களுக்கு முன் முதல் லாட்டைச் சோதித்த அன்றும் ஒரு மணிக்கு அறுபத்துநான்குதான். அதற்கு மேல் அன்று என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்தது. படிக்கட்டில் அருவி மாதிரி கொட்டியது. கோப்புகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஒன்றேகாலுக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நான் சோதனை அறைக்கு வந்தபோது இருபது திரைகளும் கறுப்பாக இருந்தன. இரவு முழுக்க ஓடி அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முறைப்படி எல்லாவற்றையும் மறுபடி சார்ஜ் ஏற்றி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இன்னொரு முழு நாள் அந்த அறைக்குள் கிடக்க வேண்டும். பள்ளி திறக்க ஒன்பது நாள்தான் இருந்தது. ஒரு மணிக்கு அறுபத்துநான்கு என்றால் ஐந்துக்கு இருபத்தேழு வராதா என்ன? உட்கார்ந்து எழுதினேன். இரண்டு மணிக்கு ஐம்பத்தைந்து, மூன்றுக்கு நாற்பத்தாறு. இருபது டேப்லெட், நான்கு மணி நேரம், எண்பது எண்கள்.

எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று இங்கே ஒன்று கூட்டினேன், அங்கே ஒன்று குறைத்தேன். சாப்பாட்டுக்குப் பின் வேறு பேனா எடுத்த மாதிரி கறுப்பு மையால் எழுதினேன். அந்த அக்கறையை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. சோம்பலில் ஒரு பொய் சொல்லிவிடலாம். அதற்குத் தலை வாரி, பொட்டு வைத்து அனுப்பிவைத்தவன் நான்.

என் மகள் ஏழாம் வகுப்பு. முதல் லாட்டில் ஒன்று அவளுக்கும் வந்தது. "எங்கப்பாதான் டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, நீங்க தினம் ரெண்டு மணிக்கே தூங்கிடறீங்கப்பா" என்று சொல்லிச் சிரித்தாள்.

"நான் எங்கடி தூங்கறேன்?"

"டேப்லெட்டுப்பா. ஆறாவது பீரியட்ல எல்லாருதும் ஆஃப் ஆயிடுது. உடனே என்னைப் பாத்து, 'ஏய், உங்கப்பா தூங்கிட்டாருடி'ன்னு கத்துறாங்க. மிஸ்ஸுகூடச் சிரிச்சுட்டாங்க."

என் மனைவியும் சிரித்தாள். "சரியாத்தான் சொல்றாங்க. இங்கயும் சாப்பிட்ட கையோட தூக்கம்தானே."

நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நீ ராத்திரி ஒழுங்கா சார்ஜ் போடறது இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. போன வாரம் அது அலமாரி மேல் கிடந்தது. "ஏன்டி எடுத்துட்டுப் போகல?" என்று அம்மா கேட்டதற்கு, "கனமா இருக்கும்மா" என்றாள். அது ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட இருக்காது.

இன்று ஒன்றரைக்குச் சாவி மறுபடி பூட்டிவிட்டுப் போனார். நான் நாற்காலியைத் திரைகளுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான்கு மாதங்களுக்கு முன் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம்.

ஒன்று நாற்பதுக்கு இரண்டாவது வரிசையில் ஒரு டீச்சர் மறைந்தார். ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பது, பதினெட்டு, மூன்று என்று கண் முன்னால் சரிந்து திரை கறுத்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. பிறகு முன் வரிசையில் இரண்டு. எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அணைகிற மாதிரி. இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி டீச்சரும் வட்டத்தை வெட்டி முடிக்காமலே போய்விட்டார்.

இருபது கறுப்புத் திரைகளிலும் மேலே இருந்த குழல்விளக்கு தெரிந்தது. கொஞ்சம் குனிந்தால் என் முகம் தெரிந்தது.

சுவரில் உள் தொலைபேசி உண்டு. பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டேன்.

இரண்டரைக்குக் கதவு திறந்தது. மேடம் வந்தார். கூடவே கம்பெனிக்காரரும் வந்தார். டேப்லெட்டுகளை வழங்குகிற நிறுவனத்தின் ஆள். லாட் வரும் நாட்களில் எங்கள் தாழ்வாரத்திலேயே குடியிருப்பவர். மேடத்துக்கு ஓய்வு பெற ஏழு மாதம். மேசையைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"எல்லாமேவா தம்பி?"

"எல்லாமே மேடம். ரெண்டு மணிக்கு முன்னாடியே."

கம்பெனிக்காரர் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். "புது பேட்டரி சார். முதல்ல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பழகினா சரியாயிடும்."

"பேட்டரி என்ன புதுச் செருப்பா, பழகறதுக்கு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர் மாதிரி சிரித்தார். "சரி சார். போன தடவை மாதிரியே எழுதிடுங்க. வேலை முடிஞ்சுது."

"போன தடவை மாதிரின்னா?"

"தொட்டி உடைஞ்ச அன்னைக்கு நான் கேட்ல லாரியோட நின்னுட்டிருந்தேன் சார். ஒன்றேகாலுக்கு எல்லாரும் வெளிய வந்தீங்க. நீங்க பேண்ட்டை மடிச்சு விட்டுட்டு, ஷூவைக் கையில தூக்கிட்டு வந்தீங்க. கேட்டைப் பூட்டிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் லாரியிலதான் படுத்தேன்." கீழே வைத்த டேப்லெட்டை வரிசைக்கு நேராக நகர்த்தினார். "அஞ்சு மணிக்கு இருபத்தேழுன்னு ரிப்போர்ட்ல பாத்தேன். ஆச்சரியமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

வெளியே சாவி செருமினார்.

மேடம் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "என் கையெழுத்து உங்க கையெழுத்துக்குக் கீழ இருக்கு தம்பி. நான் எண்ணைப் பாத்துப் போடல. உங்களைப் பாத்துப் போட்டேன்."

நான் படிவப் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"பாஸ் போட வேண்டாம்," என்றார் மேடம். "அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். இந்த லாட்டைத் திருப்பி அனுப்பிடுவோம். பேட்டரி மாத்திக் கொண்டு வரட்டும். மாத்துவீங்கல்ல?"

"மாத்திடறோம் மேடம்," என்றார் அவர், இதற்காகவே காத்திருந்தவர் போல. "ஒரு மாசம் கொடுங்க."

"கடைசிக் கேள்வியில மட்டும் 'ஆம்'னு போடுங்க தம்பி. அவ்வளவுதான்."

படிவத்தின் கடைசிக் கேள்வியை நான் பார்க்காமலே சொல்வேன். 'முந்தைய லாட்டிலிருந்து வேறுபாடு உண்டா? ஆம் / இல்லை. விவரம்.' அதன் கீழே மூன்று கோடுகள். 'ஆம்' என்று போட்டால் முதல் லாட் நல்லது, இரண்டாவதில்தான் கோளாறு. நான் கோளாறைக் கண்டுபிடித்தவன். மேடம் ஓய்வு பெறும் நாளில் மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போவார். பன்னிரண்டாயிரம் பிள்ளைகளுக்கு நல்ல கருவி கிடைக்கும். முதல் பன்னிரண்டாயிரத்தை இனி யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அவை தேர்ச்சி பெற்றவை. ஒரு முறைக்கு இரண்டு முறை.

"அப்ப முதல் லாட்டு?" என்றேன்.

"பாதிப் பேருக்காவது நல்லது கிடைக்குதில்ல?"

"மீதிப் பாதி?"

கம்பெனிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு செவன்த்துதானே சார்? டீ குடிக்கறப்ப ஒரு நாள் நீங்களே சந்தோஷமா சொன்னீங்களே. அவளோடதைக் கொண்டு வந்து கொடுங்க. நாளைக்கே நல்ல பேட்டரி போட்டுத் தரேன்."

அவர் அதை லஞ்சமாகச் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒரு தகப்பனுக்கு இன்னொரு தகப்பன் சொல்கிற மாதிரிதான் இருந்தது. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. ஆறாவது பீரியட். நாற்பது திரைகளில் முப்பத்தொன்பது கறுத்துப்போகின்றன. ஒன்று மட்டும் விழித்திருக்கிறது. முப்பத்தொன்பது தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. இப்போது அவர்கள் அவளிடம் என்ன கத்துவார்கள்? ஒருவேளை ஒன்றும் கத்த மாட்டார்கள்.

"யோசிங்க தம்பி," என்று மேடம் கதவுப் பக்கம் போனார். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு." வாசலில் நின்று திரும்பினார். மேசையை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

சாவி பூட்டினார்.

அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உயரத்தில். வெளிச்சம் வரும், எதுவும் தெரியாது. வேலை போகுமா, இடமாற்றமா, விசாரணையா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மேடத்தின் ஏழு மாதத்தையும் எண்ணினேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற என் மனைவியின் கால்களை எண்ணினேன். எந்தப் பக்கம் எழுந்தாலும் இடிக்கிற மாதிரி தாழ்வான கூரை. இந்த அறையை நான்கு மாதங்களுக்கு முன் தண்ணீரோடு தண்ணீராக விட்டுவிட்டு ஓடிவந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அன்று சாவி என்னை உள்ளே வைத்துத்தான் பூட்டியிருக்கிறார்.

படிவம் தைத்த புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும். கிழிக்க முடியாது.

கடைசிக் கேள்வியில் 'இல்லை' என்பதை வட்டமிட்டேன். மூன்று கோடுகளில் எழுதினேன்: 'இரண்டு லாட்டுகளும் ஒன்றே. முதல் லாட்டில் பிற்பகல் எண்கள் எண்பதும் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அன்று நான் அறையில் இல்லை. மேலதிகாரிக்கு இது தெரியாது.' மூன்று கோடுகளுக்குள் அடங்கிவிட்டது. நான்கு மாதமாக அது இதைவிடப் பெரியதாக இருந்தது.

இரண்டு மணி வரிசை இன்னும் காலியாக இருந்தது. அதில் இருபது பூஜ்யங்கள் எழுதி, ஓரத்தில் 'எழுதிய நேரம் 2.50' என்று குறித்தேன். மூன்று மணிக்கு எழுந்து ஒவ்வொரு டேப்லெட்டாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் விழிக்கவில்லை. இருபது பூஜ்யங்கள். பிறகு உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எந்த முட்டாளுக்கும் தெரியும். இருந்தாலும் காத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் போல நீளமான ஒன்றை நான் கண்டதில்லை. நான்குக்கு எழுந்தேன், அழுத்தினேன், எழுதினேன்.

அப்புறம் ஐந்துக்காகக் காத்திருந்தேன்.

கதவு திறந்தபோது நான் பதினேழாவது டேப்லெட்டில் இருந்தேன். சாவி உள்ளே தலையை நீட்டினார்.

"முடிஞ்சுதா சார்?"

"இன்னும் மூணு இருக்கு. ஒரு நிமிஷம்."

அவர் மேசையைப் பார்த்தார். "எல்லாம் மதியமே படுத்துக் கிடக்குன்னு மேடம் சொன்னாங்களே. முட்டை போடறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு நேரம்? அப்பவே மொத்தமா போட்டுட்டு வந்து ஒரு டீ குடிச்சிருக்கலாம்ல?"

"அஞ்சு மணி ஆகட்டும்னு இருந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சாவிக் கொத்து சத்தம் போடாதபடி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நின்றார். நான் பதினெட்டாவதின் பொத்தானை அழுத்தினேன்.