காலர் இல்லாமல் வந்தவர்கள்

எங்கள் சர்ச்சின் பங்குப் பள்ளியைக் கட்டியது நாங்கள் இல்லை. இறைச்சித் தொழிற்சாலை வேலைக்காக அமெரிக்கா வந்த போலந்துக்காரர்கள், வேலை முடிந்த கையோடு செங்கல் சுமந்து கட்டினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் வசதி வந்து புறநகருக்குப் போய்விட, அந்த பெஞ்சுகளில் மெக்சிகோவிலிருந்து வந்த எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் லுட்விகா மட்டும் போகவில்லை. செங்கல் சுமந்தவர்களில் ஒருவர் அவருடைய தாத்தா. நான் யூலாலியா. அங்கே சமையலறையில் வேலை. என் மகளும் அங்கேதான் படித்தாள்.

அந்த ஆண்டு பிஷப்பான ஆயரின் அலுவலகம் பள்ளிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. எங்கள் பதிவேட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு விலாசமே கிடையாது. இந்த நாட்டில் தங்கப் பேப்பர் இல்லாத நிலையில் விலாசம் எழுதிக் கொடுக்க எங்களுக்கென்ன பைத்தியமா? குடியேற்றப் போலீசான மிக்ராக்காரர்களை நாமே வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகாதா? அலுவலகத்துக்காரர்களுக்கு இது எங்கே புரியும்? இத்தனை பிள்ளைகள் நிஜமாகவே இருக்கிறார்களா, நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை அறிவித்தார்.

"செவ்வாய்க்கிழமை ஆயர்கிட்டேருந்து ஆளுங்க வர்றாங்க. ஒரு பிள்ளைகூட லீவு போடக்கூடாது. பள்ளிக்கூடம் இருக்கப்போகுதா இல்லையான்னு அன்னிக்குத்தான் தெரியும்."

ஆயரின் ஆட்கள் என்றால் எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்தது பாதிரியார்கள் போடும் நீள அங்கியும் வெள்ளைக் கழுத்துக் காலரும்தான். வேறு மாதிரியும் வருவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

செவ்வாய் காலை ஒரு கறுப்பு வேன் வந்து நின்றது. கருநீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கட்டடத்தைப் படம் பிடித்தார். கூட வந்த பெண், பாவம், நல்ல மனசோடுதான், தெருமுனையில் சோள மாவில் அவித்த தமாலே விற்கும் சாயோவிடம் ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க பிள்ளைங்களும் இங்கதான் படிக்குதா? வீடு பக்கத்துலயா?"

போன மாதம்தான் கோழித் தொழிற்சாலைக்குள் மிக்ரா புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. சாயோ பானையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு போனை எடுத்தாள். பிள்ளைகளின் கையைப் பிடித்து வந்துகொண்டிருந்த தாய்மார்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

மணி அடித்தது. என்னோடு விடியலிலேயே வந்துவிட்ட என் மகளையும் இன்னும் நாலைந்து பேரையும் தவிர வகுப்புகளில் யாரும் இல்லை. வந்திருப்பது ஆயரின் ஆட்கள்தான் என்று சிஸ்டர் அவர்களின் அட்டையைப் பார்த்துச் சொன்னார். நான் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன்.

முதலில் ஓஃபேலியா வீடு. என் மகளுக்கு ஞானத்தாய் அவள்; நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் கிசுகிசுப்பது கேட்டது.

"நான்தான்டி யூலாலியா! வந்திருக்கறது சர்ச் ஆளுங்கடி. கதவத் தொற!"

கதவருகில் காலடி கேட்டது. பிறகு மெல்லிய குரல் வந்தது.

"உன்னப் பிடிச்சிட்டாங்களா கொமாத்ரே? உன்ன விட்டு எங்களக் கூப்பிடச் சொல்றாங்களா?"

"குவாதலூப்பே மாதா சத்தியமா இல்லடி!"

"பக்கத்துல துப்பாக்கியோட நிக்கறாங்களா? ஒண்ணும் பேசாத. உனக்காக ஜெபமாலை சொல்லிட்டுத்தான் இருக்கோம்."

கதவை எட்டி உதைக்கலாமா என்று ஆத்திரம் வந்தது. உதைத்து என்ன செய்ய? யார் குரல் கேட்டாலும் கதவைத் திறக்காதே என்று என் மகளுக்கு நானும்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அதே கதைதான். நான் தெருவில் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொல்றத நம்பறேன் சிஸ்டர். ஆனா நாங்க பார்த்ததத்தான் எழுத முடியும்."

"பயந்துட்டாங்கம்மா. மத்தியானம் வரைக்கும் இருங்களேன்."

"இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் பாக்கணும். நாளைக்கே முடிவு பண்றாங்க. மன்னிச்சுக்குங்க."

வேன் போய்விட்டது. அது போனதுதான் தாமதம், கதவுகள் திறந்தன. தலையைப் படியச் சீவி, ரிப்பன் கட்டி, தேய்த்த சட்டை போட்டு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். இன்னும் பள்ளி வயது வராத தம்பி தங்கைகளும் கூட வந்ததில் பெஞ்சு போதவில்லை.

சாயோ மூச்சிரைக்க வந்தாள்.

"ஒருத்தரக்கூட அவனுங்க கையில விடல, பாத்தியா?" என்று என் தோளில் தட்டினாள். பிறகு சிஸ்டரிடம் திரும்பினாள். "லேட்டாயிடுச்சா சிஸ்டர்? ஆயரோட ஆளுங்க வந்துட்டாங்களா?"

சிஸ்டர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இன்னும் வரல சாயோ. பிள்ளைங்கள உள்ள அனுப்பு."

அன்று பள்ளி விடும்வரை பிள்ளைகள் கைகட்டி, முதுகு நிமிர்த்தி, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.