நான்கு செங்கல்

தாராவியில் ஒரு வீட்டுக்குள் மழைத்தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கட்டில் காலைப் பார்த்தால் போதும். காலுக்கு அடியில் ஒரு செங்கல் இருந்தால் அந்த வீட்டில் பாதம் நனையும். இரண்டு இருந்தால் கெண்டைக்கால். நான்கு இருந்தால், அங்கே குடியிருப்பவர்கள் ஜூலை மாதத்தில் கட்டில் மேல் உட்கார்ந்து சமைக்கிறார்கள் என்று பொருள்.

ஹபீபாவின் கட்டிலுக்கு நான்கு செங்கல். அப்படியும் போன வருஷ மழையில் கட்டில் மேல் அடுக்கியிருந்த தோல் கட்டுகளில் அடிக்கட்டு நனைந்துவிட்டது. அவள் கணவர் கரீம் பாட்சா வீட்டிலேயே உட்கார்ந்து மணிபர்ஸும் இடுப்பு வாரும் தைப்பவர். தோல் நனைந்தால் துணி மாதிரி காய்ந்து பழையபடி ஆகிவிடாது. விறைக்கும், பூசணம் பூக்கும், பளபளப்பு போய்ப் புள்ளி புள்ளியாக நிற்கும். தைக்கத் தோல் இல்லாமல் மூன்று மாதம் அவர் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெந்து போயிற்று. ஊசி பிடிக்கிற விரல். இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் அந்த விரல்களால் மறுபடி தைக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதனால்தான் 1965 மே மாதம் வீடு மாறுவது என்று முடிவாயிற்று. நாள்தான் குறைவாக இருந்தது.

"சஃபர் பிறை தெரியுறதுக்கு முன்ன போயிரணும். அந்த மாசத்துல புது வீட்டுல கால் வைக்கமாட்டேன்" என்றார் கரீம் பாட்சா.

"சஃபர் முடிஞ்சு போனா?"

"அதுக்குள்ள மழை வந்து நம்ம வீட்டுல உக்காந்துக்கிடும்."

ஹபீபா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். முஹர்ரத்தில் இருபது நாளும் போயிற்று. அடுத்த திங்களோ செவ்வாயோ பிறை தெரிந்துவிடும். கையில் மிச்சம் எட்டு நாள்.

"எங்களுக்கு ஆடி ஆகாது, மார்கழி ஆகாது. ஒங்களுக்கும் இப்படி ஒரு மாசம் உண்டா, ஏளா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள். கேட்டுவிட்டு, செம்பூருக்கு வீடு பார்க்கத் தானும் வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினாள்.

செம்பூரில் அவர்கள் ஊர்க்காரர் நஜிமுதீன் ஒரு சால் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டி ஒட்டிப் பதினாறு அறைகள், ஓட்டுக்கூரை, முன்னால் நீளத்துக்கு ஒரு நடை. ஒரு கோடியில் பெரிய சாலை. மறு கோடியில் காய்ந்து கிடந்த ஓர் ஓடையில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நம்பரும் பன்னிரண்டாம் நம்பரும் காலி.

"எதை வேணும்னாலும் எடுத்துக்க தங்கச்சி. ரெண்டுலயும் ஒரு சொட்டுத் தண்ணி வராது" என்றார் நஜிமுதீன்.

ஹபீபா சுவரைப் பார்த்தாள். தண்ணீர் நின்ற வீட்டுச் சுவரில் அதன் கோடு இருக்கும். ஆனால் பதினாறு அறைகளின் சுவர்களும் பால் மாதிரி இருந்தன.

"வருஷா வருஷம் மே மாசம் வெள்ளையடிச்சிருவேன்" என்றார் அவர் பெருமையாக.

மே மாதத்தில் தண்ணீரைப் பற்றி உண்மை சொல்லும் மனிதரை ஹபீபா பம்பாயில் இதுவரை பார்த்ததில்லை. குடியிருப்பவர்களைக் கேட்கலாம் என்றால் இந்த மனிதர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே கூடவே நடந்து வருகிறார். அவள் முப்பிடாதியம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். முப்பிடாதிக்கு அது போதும்.

"ஏ அண்ணாச்சி, இந்தக் குழாயில தண்ணி எத்தன மணிக்கு வரும்? எத்தன மணிக்கு நிக்கும்? முறை வச்சுப் பிடிக்காவளா, இல்ல சண்டை போட்டுப் பிடிக்காவளா?" என்று அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

ஹபீபா வேகமாக நடந்தாள். ஏழுக்குப் பக்கத்தில் ஆறாம் நம்பர். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் பட்டப்பகலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரும்புக் கட்டில். நான்கு காலும் வெறுந்தரையில். ஒரு செங்கல்கூட இல்லை.

பன்னிரண்டுக்கு அடுத்த பதின்மூன்றாம் நம்பரில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்று கேட்டு நின்றாள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் செம்பு கொண்டுவந்தாள். ஹபீபாவின் கண் செம்புக்குப் போகவில்லை. கட்டில் காலுக்குக் கீழே நான்கு நான்கு செங்கல். கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் சாவிக்கொத்துச் சத்தம் நெருங்கிவிட்டது.

"ஏழாம் நம்பர்" என்று அன்று மாலை கணவரிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள்.

கரீம் பாட்சா சிரித்தார். "வீடு பாக்கப் போனியா, செங்கல் எண்ணப் போனியா? ஒன்னைய போலீஸ்ல சி.ஐ.டியா எடுத்திருக்கணும்." ஆனால் அவருக்கும் திருப்தி. குழாய் ஏழுக்குத்தான் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி, முப்பதாம் தேதி. முதலில் குர்ஆன், உப்பு, அரிசி. பிறகு தையல் மெஷின், தோல், பாத்திரம். கட்டில் கடைசி. இப்படி ஒரு வரிசை போட்டு மனப்பாடமாக வைத்திருந்தாள் ஹபீபா. புதன்கிழமை அந்த வரிசை குலைந்தது.

டீக்கடை ரேடியோவில் அரபிக்கடலில் தூஃபான், புயல் என்று சொன்னதாக முதலில் வந்து சொன்னது முப்பிடாதியம்மாள். அவளுக்கு ஹிந்தி அரைகுறை. ஹபீபா தானே போய்ப் பார்க்கக் கிளம்பினாள். ரேடியோவை அல்ல, கோலிவாடாவை. அங்கே மீன்காரர்கள் படகுகளைத் தண்ணீர் ஓரத்திலிருந்து இழுத்து, வீட்டுச் சுவர் வரைக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காற்று ஒரே பக்கமிருந்து, நிற்காமல், ஈரமாக வந்தது. படகை ஏற்றுகிறவன் ரேடியோவைவிடத் தெரிந்தவன் என்பது அவள் எண்ணம்.

"நாளைக்குத் தோலை மட்டும் கொண்டு போயிருவோம்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"குர்ஆனும் உப்பும் போகாம தோல் போறதா?"

"குர்ஆனை நான் கையில வச்சுக்கிடுதேன். மத்ததையும் எடுத்துக்கிடலாம். புயலு பிறை பாத்தா வரப்போவுது?"

வியாழக்கிழமை மத்தியானம் கைவண்டி சயான் வழியாகச் செம்பூர் போய்ச் சேர்ந்தது. பதினோரு கட்டுத் தோல். மேலே மெழுகுத்துணி, அதற்கு மேல் பாய், அதற்கு மேல் கயிறு. ஹபீபா ரயிலில் முன்னாலேயே வந்து ஏழாம் நம்பர் வாசலில் நின்றாள். வானம் தெற்கே கறுத்திருந்தது. வண்டிக்காரன் முதல் கட்டைத் தூக்கியதும் கரீம் பாட்சா கையை நீட்டி மறித்தார்.

"முதல்ல உப்பு."

ஹபீபா பையைத் துழாவினாள். குர்ஆன் இருந்தது. அரிசி முடிச்சு இருந்தது. உப்பு தாராவியில் அடுப்புத் திட்டிலேயே இருந்தது.

"சி.ஐ.டி அம்மாவுக்கு உப்பு மட்டும் மறந்து போச்சாக்கும்!"

"பொறுங்க. கத்தாதிய" என்று சொல்லிவிட்டு அவள் ஆறாம் நம்பர் வாசலுக்கு ஓடினாள். அன்று தூங்கிய மனிதர் இன்று விழித்திருந்தார். பேர் மன்சூர் அலி, தூத்துக்குடிப் பக்கம். ஸ்டூலில் ஏறி நின்று, கட்டிலைக் கயிற்றால் கட்டி விட்டத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் உப்பு வேணும் அண்ணே. புதுக்குடி வாரோம்."

அவர் விழுந்துவிழுந்து சிரித்தார். "சரியான ஆளுகிட்டதான் கேட்டீங்க! வடாலா உப்பளத்துல எனக்கு வேலை. ராத்திரி முறை. அந்த மூலையில சாக்கு கெடக்கு, அள்ளிக்கிடுங்க."

ஹபீபா ஒரு கை அள்ளினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"கட்டிலை ஏன் மேல கட்டுதிய?"

"மழைக்கு உப்பளத்தை மூடிருவாங்கல்லா? நாலு மாசம் நான் ஊர்ல குடியிருப்பேன். தண்ணி இங்க குடியிருக்கும்."

ஹபீபாவின் விரல்களுக்கிடையே உப்பு சரிந்தது.

"எவ்வளவு வரும்?"

மன்சூர் அலி கயிற்றை முடிச்சிட்டுவிட்டுத் தன் தொடையில் கை வைத்துக் காட்டினார். "அந்த ஓடைதான். ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் அதுக்குப் பாத்தியதை. நஜிமுதீன் சொல்லலியா?"

செங்கல் இல்லாத கட்டிலைப் பார்த்துத் தண்ணீர் வராத வீடு என்று எண்ணியவள், மழைக்கு அங்கே ஆளே இருக்காது என்று எண்ணவில்லை. ஆறு தப்பு என்றால், பதின்மூன்று?

பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கியிருந்தன. "இறக்காதிய! ஒரு கட்டையும் இறக்காதிய!" என்று கணவரைப் பார்த்துக் கூவிக்கொண்டே ஹபீபா நடையோடு ஓடினாள்.

பதின்மூன்றாம் நம்பர் பெண்ணின் பேர் சாயிரா. இந்தத் தடவை ஹபீபா தண்ணீர் கேட்கவில்லை.

"இந்தக் கட்டிலுக்கு ஏன் நாலு செங்கல்?"

சாயிரா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்து, "எலே, வெளிய வாங்க" என்றாள். ஒரு பையன் வந்தான். பின்னால் ஒருத்தி வந்தாள். இன்னும் மூன்று பேர் தலையை மட்டும் நீட்டினார்கள்.

"ஆறு பிள்ளைங்க. கைப்பிள்ளைய விட்டா அஞ்சும் கட்டிலுக்குக் கீழதான் தூங்கணும். பெரியவன் இந்த வருஷம் வளந்துட்டான், தலை இடிக்குன்னு நாலாவது செங்கல் வச்சேன்."

"மழைக்காலத்துல?"

"மழைக்கும் அங்கனதான். வேற எங்க படுக்க வைப்பேன்? மேல எங்களுக்கே இடம் பத்தலை."

ஹபீபா மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தடவினாள். பாய்கள் வரிசையாக விரித்துக் கிடந்தன. பழைய பாய்கள், இரண்டு மூன்று மழை பார்த்தவை. எதிலும் ஈரக் கறை இல்லை. எந்தத் தாயும் தண்ணீர் ஏறும் தரையில் ஐந்து பிள்ளைகளைப் படுக்க வைக்கமாட்டாள். அவள் தேடியதிலேயே நல்ல வீட்டுக்குத்தான் செங்கல் அதிகமாக இருந்திருக்கிறது.

அவள் திரும்பி வந்தபோது வண்டியின் மெழுகுத்துணி மேல் மழை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கரீம் பாட்சா கட்டுகளின் மேல் குறுக்காகப் படுத்து மறைத்துக்கொண்டிருந்தார். நஜிமுதீனும் குடையோடு வந்திருந்தார்.

"பன்னிரண்டாம் நம்பர் சாவியைக் குடுங்க அண்ணே."

"அது வேற ஆளுக்குத் தங்கச்சி. வடாலாக்காரங்க. நாளைக்குப் பாக்க வாராங்க."

"பாக்கத்தான வாராங்க? ஏழுலயும் பன்னிரண்டுலயும் ஒரு சொட்டு வராதுன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா, சொன்னேன்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான. அவங்களுக்கு ஏழாம் நம்பரைக் காட்டுங்க."

நஜிமுதீன் சாவிக்கொத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் நம்பர் வாசலில் மன்சூர் அலி பீடியைப் பற்றவைத்தபடி வேடிக்கை பார்த்தார். சாவி கொத்திலிருந்து கழன்றது.

பன்னிரண்டில் முதலில் உப்பு போயிற்று. பாதி வழியில் சிந்தியது போக மிச்சம். பிறகு பதினோரு கட்டும். கரீம் பாட்சா ஒவ்வொன்றாக அவிழ்த்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கடைசிக் கட்டைத் தடவிவிட்டு, "காஞ்சு இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மிச்சச் சாமானும் வந்து சேர்ந்தது. புயல் வடக்கே திரும்பிக் குஜராத்தில் கத்தியவார் பக்கம் போய்விட்டதாக ரேடியோ சொல்லியது என்றாள் கூடவே வந்த முப்பிடாதியம்மாள். ஹபீபா கட்டிலுக்கு நான்கு செங்கல் வைக்கச் சொன்னாள். கரீம் பாட்சா நெற்றியைச் சுருக்கினார்.

"இங்கதான் தண்ணி வராதே?"

"தோலை எங்க வைப்பிய?"

கட்டுகள் கட்டிலுக்குக் கீழே, தரையிலேயே, ஒன்றின் மேல் ஒன்றாகப் போயின. தாராவியில் ஒருநாளும் அவற்றைத் தரையில் வைத்ததில்லை. அவர் இரண்டு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வடாலாவிலிருந்து வருகிறாளாம், பேர் கோமதி, மழையால் வெள்ளிக்கிழமை வரமுடியவில்லையாம். பின்னால் நஜிமுதீன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கக்கா."

ஹபீபா செம்பை நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் கண் கட்டில் காலுக்குப் போயிற்று. நான்கு செங்கலைப் பார்த்ததும் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நல்லவேளை, நமக்கு ஏழாம் நம்பர் என்கிற திருப்தி. ஹபீபாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

நஜிமுதீன் ஹபீபாவையே பார்த்தார். இனிமேல் அவர் தயவில் குடியிருக்க வேண்டும். ஹபீபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்தச் செங்கல் தண்ணிக்கு இல்லம்மா, தோல் வைக்க. ஆறாம் நம்பர்க்காரரு ஊருக்குப் போயிட்டாரு, பூட்டிக் கெடக்கும். ஜன்னல் வழியா மேல ஒரு பார்வை பாத்துட்டு வா. தண்ணிய வந்து குடிக்கலாம்."

அந்தப் பெண் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு நடையோடு போனாள். ஆறாம் நம்பர் ஜன்னல் கம்பியைப் பிடித்து, எம்பி நின்று, உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்னாலேயே வந்திருந்த நஜிமுதீனிடம் கேட்டது பன்னிரண்டாம் நம்பர் வரைக்கும் காதில் விழுந்தது:

"அண்ணே, அந்த மனுசன் கட்டிலை ஏன் விட்டத்துல கட்டி வச்சிருக்காரு?"