கண்ணாடி ஏறிய பிறகு

எங்கள் தெருவில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், பேச வேண்டியதை எல்லாம் கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். கண்ணாடி ஏறிவிட்டால் வெளியே நிற்பவர்களுக்குக் கையை ஆட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் அக்கா ஃபிளோரா வீட்டில் அப்படி இல்லை. அங்கே கண்ணாடி ஏறிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அக்காவுக்கும் மாமா சகாயராஜுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு பேரும் கையால் பேசுகிறவர்கள். அவர்கள் கல்யாணம் பேசி முடித்ததே மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில்தான். ஒரு பஸ்ஸில் அக்கா, பக்கத்துப் பஸ்ஸில் மாமா. மழைக்காக இரண்டிலும் கண்ணாடியை மூடியிருந்தார்கள். பஸ் கிளம்புவதற்குள் அவர் கேட்டு, அவள் சரி சொல்லிவிட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

மாமாவுக்குக் குத்தாலத்தில் ரைஸ் மில்லில் வேலை. மெஷின் ஓடும்போது மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மாமா, உமித்தூசுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும், பழகிப் பழகிக் கைப்பேச்சு தெரிந்துகொண்ட லாரி டிரைவர் வீரையனிடம் எல்லாக் கதையும் பேசிவிட்டு வருவார். "என் வீட்ல சொன்னா சண்டை வர்றதையெல்லாம் இவருகிட்டதாங்க சொல்றேன். வெளியில ஒரு வார்த்தை போவாது பாருங்க" என்பார் வீரையன்.

இவர்களுக்குப் பிறந்த பூவிழிக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆனால் முதலில் வந்தது கைப்பேச்சுதான். நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே கையைக் காட்டிப் பால் கேட்டாள். நான் பக்கத்து வீடுதான் என்றாலும் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவேன். மூன்று வயது முடிந்தும் அவள் வாயில் நாலு வார்த்தை சேர்ந்து வரவில்லை. அப்போதுதான் மாமாவின் அண்ணன் அருள்சாமி வந்து, "புள்ளைய எங்களோட அனுப்புங்க. பேச்சு காதுல விழுந்தாத்தானே வாய்ல வரும்?" என்று கேட்டார். அவரும் அவர் மனைவி ஷீபாவும் தாம்பரத்தில் இருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள். தங்கமான மனிதர்கள், அதில் சந்தேகமே இல்லை. அக்கா ராத்திரியெல்லாம் அழுதாலும் காலையில் பெட்டி அடுக்கினாள்.

ஆரம்பத்தில் லீவு முடிந்து கிளம்பும்போது பார்க்க வேண்டும். பூவிழி பின்சீட்டில் ஏறி, கண்ணாடி ஏறியதும், மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு கையை எடுப்பாள்.

"பெரியம்மா குழம்புல உப்பே இல்லம்மா."

"சும்மா சாப்பிடு. குறை சொல்லாத."

"பெரியப்பா குறட்டை. லாரி மாதிரி."

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஷீபா, குழந்தை டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்துத் தானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கார் தெருமுனை திரும்பும்வரை பின்கண்ணாடி வழியாகவும் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வீடியோ காலில் கையால் பேச வேண்டுமென்றால் போனை எதிலாவது சாய்த்து வைக்க வேண்டும். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்கு அதற்குப் பொறுமை இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாயால் பேசிவிட்டு ஓடிவிடுவாள். அக்காவுக்கு அவள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். அதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த மே மாத லீவுக்கு வந்தபோது பூவிழி கிளி மாதிரி பேசினாள். என்னிடம் மட்டும்.

"சித்தி, அம்மாகிட்ட முறுகலா தோசை வேணும்னு சொல்லுங்க."

"நீயே சொல்லுடி, உன் அம்மாதானே?"

"நீங்க சொன்னாதான் சீக்கிரம் புரியும் சித்தி."

அக்கா அடுப்படியில் நின்று எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கையால் சொன்னேன். தோசை முறுகலாக வந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள், பூவிழியை அழைத்துப் போக ஷீபாவோடு வந்திருந்த அருள்சாமி அவராகவே பேச்சை எடுத்தார். "அருள்செல்வி, உங்க அக்காகிட்ட சொல்லும்மா. புள்ளைக்குப் பேச்சு நல்லா வந்துடுச்சு. ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு. இங்கயே சேக்கணும்னு ஆசைப்பட்டா சேத்துக்கட்டும். ஆனா புள்ள மனசோட இருக்கேன்னு சொல்லணும். அழ வெச்சு நிறுத்திக்கக் கூடாது." ஷீபா எழுந்து உள்ளே போனாள். அவள் அழுததை நான் பார்த்தேன்.

நான் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மலர்ந்தது. "நானே கேக்கறேன். நீ நடுவுல வராத" என்றாள் கையால்.

"இப்பவே கேளேன்க்கா."

"இப்பக் கேட்டா உன் வாயைப் பாப்பா. கார்ல ஏறட்டும். கண்ணாடி ஏறினாத்தான் அவ என் கையைப் பாப்பா. எப்பவும் அப்படித்தானே?"

"அவ சரின்னு சொன்னா?"

"கதவைத் திறந்து இறக்கிக்க வேண்டியதுதான்."

"புரியலைன்னா?"

"என் புள்ளைக்கு என்னைப் புரியலைன்னா, அவ இங்க இருந்து என்ன பண்ணுவா? காலம் பூரா நீ நடுவுல நின்னு பேசுவியா?"

மறுநாள் காலை காரில் சாமான் ஏற்றினார்கள். மாமா தெருமுனைக்குப் போய், காரைப் பின்னால் எடுப்பதற்கு வசதியாக, வருகிற வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, காரின் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். பூவிழி ஏறினாள். கதவைச் சாத்தினார்கள். ஏசியைப் போட்டார்கள். கண்ணாடி ஏறியது.

அக்கா கேட்டாள். குழந்தையைச் சுட்டிக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், இரண்டு உள்ளங்கைகளையும் தரையை நோக்கித் தாழ்த்தினாள், புருவத்தை உயர்த்தினாள். நீ என்னோட இருக்கியா?

பூவிழி சிரித்தாள். கையை ஆட்டி டாட்டா காட்டினாள்.

அக்கா மறுபடியும் கேட்டாள், இன்னும் மெதுவாக. குழந்தையின் சிரிப்பு நின்றது. நெற்றியைச் சுருக்கி அந்தக் கைகளையே பார்த்தாள். கணக்குப் போடத் தெரியாத பிள்ளை போர்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. அக்கா மூன்றாம் முறை கேட்கக் கையைத் தூக்கியபோது, பூவிழி கதவிலிருந்த பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி இறங்கியது.

"என்னம்மா?" என்றாள் சத்தமாக. அம்மாவுக்குக் கேட்காது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல என் பக்கம் திரும்பினாள். "சித்தி, அம்மா என்ன சொல்றாங்க?"

ஷீபா என்னைப் பார்த்தாள். அருள்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வரி. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. இன்னொரு கையால், குழந்தைக்குத் தெரியாதபடி இடுப்போரமாக வைத்துச் சொன்னாள்: "பத்திரமா போன்னு சொல்லு."

"பத்திரமா போயிட்டு வாடான்னு சொல்றாங்க" என்றேன்.

"சரிம்மா! பை!" என்று கத்தினாள் பூவிழி. கண்ணாடி ஏறியது. கார் பின்னால் போய்த் திரும்பியது. பின்கண்ணாடியில் அவள் தலை தெரியவில்லை.

மாமா வேகமாக நடந்து வந்தார். தூரத்திலிருந்தே அவர் கை கேட்டது. "கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அங்கேயே படிக்கறாளாம்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் கார் போன பக்கம் பார்த்தேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

மதியம் ஷீபாவிடமிருந்து என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் எடுத்திருக்கிறாள். கூடவே இப்படி எழுதியிருந்தாள்: "பாப்பா வழியெல்லாம் இதையே செய்துகொண்டு வருகிறாள். அம்மா காட்டியது இதுதானாம். பத்திரமாகப் போ என்பதற்கு இவ்வளவு பெரிய சைகையா என்று கேட்கிறாள்."

அக்காவிடம் போனைக் கொடுத்தேன். வீடியோவில் பூவிழி காமிராவைச் சுட்டிக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், இரண்டு உள்ளங்கைகளையும் தாழ்த்தினாள், புருவத்தை உயர்த்தினாள். ஒரு பிசகு இல்லை. நீ என்னோட இருக்கியா? என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அக்கா போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தாள். அது வீடியோ கால் இல்லை, எடுத்து அனுப்பிய வீடியோதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு கைகளும் தெரிகிற அளவுக்குப் பின்னால் நகர்ந்து நின்று, பதில் சொன்னாள். வீடியோ முடிந்தது. மறுபடி போட்டாள், மறுபடி பதில் சொன்னாள். ஷீபாவுக்கு என்ன எழுதுவது என்று அக்காவிடம் கேட்க நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவே இல்லை.