அச்சுவேலியில் விழுந்த கல்லின் நிழல்

“வாற செவ்வாய்க்கிழமை பொழுதுபட்டாப் பிறகு நான் ஒரு வெள்ளியை அணைக்கப்போறன்,” என்றார் ஐரிஸ். “பயப்பிடாதேங்கோ. அணைச்ச கையோடை திருப்பிக் கொளுத்தியும் விடுவன்.”

ஞாயிறு ஆராதனை முடிந்து ஐரிசின் வட்டுக்கோட்டை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் ஷரோன் அகப்பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். சொந்தக்காரர்களும் அயலவர்களுமாகப் பத்துப்பேர் இருந்த அந்த மேசையில், வானத்து நட்சத்திரத்தை அணைக்கிற கதையைக் கேட்டு யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நண்டுக் கறிக்குள் கிடந்த நண்டுகூடச் சிரித்திருக்கும், வேகாமல் இருந்திருந்தால்.

ஐரிஸ் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்செல்லாம் அவருடைய காது வழியாகத்தான் போனது. போகும்போது கொஞ்சம் பெருத்தும் போனது என்று ஊர் சொல்லும். சேவைக்காலப் பணம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் மாடு வாங்குவார்கள், மதில் கட்டுவார்கள். அவர் ஆள் உயரத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து சனியின் வளையத்தில் ஒரு வெடிப்பைக் கண்டேன், நிலாவில் நெடுந்தீவு மாதிரி ஒரு மேட்டைக் கண்டேன் என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அவற்றை யாரும் நம்பிய நாளும் இல்லை.

“உது புளுகில்லை,” என்றார் ஐரிஸ், மேசையைத் தட்டி. “செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலை லட்சக்கணக்கிலை கல்லுகள் சூரியனைச் சுத்துது. அதிலை ஒரு கல்லு. பேர் கூட இல்லை, நம்பர் மட்டும்தான். கீரிமலையிலிருந்து குருநகர் மட்டும் வரும், அவ்வளவு பெரிசு. அது ஒரு வெள்ளிக்கு முன்னாலை போகேக்கை அதின்ரை நிழல் எங்கடை ஊருக்கு மேலாலை ஓடும். ரெண்டு செக்கனுக்கு வெள்ளி இல்லாமல் போகும்.”

“அந்தக் கல்லு கண்ணுக்குத் தெரியுமோ?” என்று மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கேட்டவர் அடைக்கலநாதன், ஷரோனின் மாமனார், குருநகர்க்காரர். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமதமாக வந்த சாரதிமார் சொன்ன காரணங்களைக் கேட்டுக் கேட்டு அவருடைய காது தோல் தடித்துப்போயிருந்தது. தன் கலியாணத்தன்று கோயில் மணியையே நம்பாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ‘சம்மதம்’ சொன்னாராம்.

“கல்லு தெரியாது, சம்மந்தி. அவ்வளவு தூரம்.”

“வெள்ளி?”

“அதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.”

“அப்ப தெரியாத கல்லு போய்த் தெரியாத வெள்ளியை மறைக்கும். அதை நான் நம்போணும்.” அவர் நண்டுக் காலைக் கடித்தார். “இதைவிட, சாவகச்சேரியிலை யானை மறிச்சது எண்டு சொன்ன ட்றைவர் பரவாயில்லை.”

மேசை குலுங்கியது. ஐரிசுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்துப்பேரும் அவருக்கு வேண்டும். அதே கல் அடுத்த வருடம் வெறுங்கண்ணுக்கே தெரிகிற இன்னொரு வெள்ளிக்கு முன்னால் போகும், அதன் நிழல் மறுபடி குடாநாட்டில் விழும். ஒருவர் நின்று மறையும் நேரத்தை அளந்தால் கல்லின் குறுக்கே ஒரு கோடுதான் கிடைக்கும். பத்துப்பேர் வட்டுக்கோட்டையிலிருந்து பருத்தித்துறை வரை பரவி நின்று பார்த்தால் பத்துக் கோடு, அதாவது கல்லின் உருவமே கிடைக்கும். பூமியில் யாரும் காணாத உருவம். ஒவ்வொருவரிடமும் கெஞ்சிப் பார்த்திருந்தார். எல்லோரும் பேசி வைத்துச் சொன்னதுபோல ஒரே பதில்தான்: “அடைக்கலநாதன் அண்ணை நம்பினால் நாங்களும் வாறம்.” டைம்கீப்பர் அவர் ‘வந்தது’ என்றால் பஸ் வந்தது, ‘வரவில்லை’ என்றால், அது கண்முன்னால் நின்றாலும் வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை நீங்களும் என்னோடை நிக்கிறியள்,” என்றார் ஐரிஸ்.

“வரமாட்டன் எண்டால்?”

“பயத்திலை வரேல்லை எண்டு குருநகரிலை வீடு வீடாய்ச் சொல்லுவன். நான் சொன்னால் எவ்வளவு பெருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். அடைக்கலநாதன் சம்மதித்தார்.

திங்கட்கிழமை வானியலாளர்களிடமிருந்து புதுக் கணக்கு வந்தது. கல்லின் பாதையைத் திருத்தியிருந்தார்கள். நிழல் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. வட்டுக்கோட்டையில் விழாது, அச்சுவேலியில் விழும்.

“றூட் மாறிட்டுதோ?” அடைக்கலநாதனுக்குத் தொலைபேசியிலேயே மகிழ்ச்சி தாங்கவில்லை. “நான் வாழ்க்கை முழுக்கக் கேட்ட கதை, சம்மந்தி. விட்டிட்டு வீட்டிலை இருங்கோ.”

“கல்லு என்னட்டை வராட்டி நான் கல்லிட்டைப் போறன்,” என்று ஐரிஸ் இணைப்பைத் துண்டித்தார். வேலையில் இருந்த நாளில் ஒருவருக்கும் அப்படிச் செய்ததில்லை.

ஆனால் தொலைநோக்கி ஆட்டோவுக்குள் நுழைய மாட்டேன் என்றது. மருமகன் றயனின் வான் வண்டி பழுதாகிக் கராஜில் கிடந்தது. கடைசியில் சண்டிலிப்பாயில் மரக்கறி ஏற்றுகிற தம்பிஐயாவின் லாண்ட்மாஸ்ரர், பின்னால் பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரம், கிடைத்தது. செவ்வாய் மத்தியானம் பெட்டியில் முட்டைக்கோவா மூட்டைகள், அவற்றின் மேல் ஐரிசின் கட்டில் மெத்தை, மெத்தையின் மேல் இரண்டு போர்வை சுற்றிய தொலைநோக்கி, அதற்கு அந்தப்பக்கம் பிளாஸ்ரிக் கதிரையில் ஐரிஸ், இந்தப்பக்கம் இன்னொரு கதிரையில் அடைக்கலநாதன் என்று ஊர்வலம் புறப்பட்டது. பிரேதம் போகிறதென்று நினைத்து வழியில் இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். ஒருவர் தொப்பியையும் கழற்றினார். ஐரிஸ் அவர்களுக்குக் கை காட்டினார். லாண்ட்மாஸ்ரரின் குலுக்கலில் அச்சுவேலி போய்ச் சேருவதற்குள் உடம்பிலுள்ள எலும்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். அதில் பெரிய மிகை இல்லை.

“இப்பவும் திரும்பலாம்,” என்று அடைக்கலநாதன் நாலு சந்தியில் சொன்னார்.

“கோவாவை இறுக்கிப் பிடியுங்கோ,” என்று ஐரிஸ் நாலு சந்தியிலும் சொன்னார்.

அச்சுவேலியில் கமலாவதியின் வெங்காயத் தோட்டம். கமலாவதி எக்ஸ்சேஞ்சில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். ஐரிஸ் எதைச் சொன்னாலும் நம்புவார், ஆகவே சாட்சிக்கு உதவமாட்டார். வரம்போரம் தொலைநோக்கியை நிறுத்தி இருட்டும்வரை காத்திருந்து, ஐரிஸ் கண்ணை வைத்தார். வெள்ளிகளெல்லாம் சட்டியில் போட்ட கடுகு மாதிரித் துள்ளின.

“ஐயோ! கமலா, உன்ரை பம்ப்!”

கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரம் நிலத்தையே உதறிக்கொண்டிருந்தது. கமலாவதி ஓடிப்போய் நிறுத்தினார். தோட்டத்து விளக்கையும் அணைத்தார். வெள்ளிகள் அடங்கின. ஐரிஸ் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவித் தன் வெள்ளியைப் பிடித்தார். எத்தனையோ மாதம் வரைபடத்தில் பார்த்தது இப்போது உயிரோடு நின்றது. முன்பு இரண்டு தடவை வேறு கற்களுக்குக் காத்திருந்து இரண்டு தடவையும் மழை முகில் கெடுத்தது. இன்றைக்கு வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

“பாருங்கோ. மூண்டு நிக்குது, நடுவிலை நிக்கிறதுதான்.”

அடைக்கலநாதன் குனிந்து பார்த்தார். “ஓம், மூண்டு நிக்குது. அதுக்கென்ன?”

ஐரிஸ் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கினார். இன்னொரு தொலைபேசி செக்கனுக்கு ஒரு தரம் ‘டிக், டிக்’ என்றது. வெள்ளி மறையும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம் கத்தவேண்டும். டிக் ஒலியோடு சேர்ந்து நேரம் பதிவாகும். அவ்வளவுதான் வேலை. அவர் குழாயின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டார்.

“சம்மந்தி, ஒண்டு கேக்கிறன்,” என்றார் அடைக்கலநாதன். “நீங்கள் உதுக்குள்ளை பாத்துக்கொண்டு கத்துவியள். அந்த நேரம் நான் எதைப் பாக்கிறது?”

ஐரிஸ் வானத்தைக் கையால் காட்டினார்.

“வானத்தைப் பாத்தால் அது அப்பிடியேதான் இருக்கும். உங்கடை வாயைத்தான் பாக்கலாம். உங்கடை வாயை நான் சாட்சிக்கு எடுக்கிறதில்லை.”

குழாய் ஒன்று. துளையும் ஒன்று. இரண்டு செக்கனில் இரண்டு கண்ணை மாற்றி வைக்க முடியாது. இத்தனை திட்டம் போட்டவருக்கு இது மட்டும் தோன்றவில்லை. தாமே பார்க்கப்போகிறோம் என்ற குதூகலத்தில் மனம் அந்தப்பக்கம் போகவே இல்லை. ஐரிஸ் கதிரையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தாம் கண்டால் அது ஐரிசின் கதைகளில் இன்னொரு கதை. அடுத்த வருடம் கல் வரும்போது பத்துப் பேரும் வீட்டில் படம் பார்ப்பார்கள்.

டிக், டிக் என்றது தொலைபேசி.

“இருங்கோ,” என்றார்.

“எங்கை?”

“இந்தக் கதிரையிலை. கெதியா!”

“விசரோ உங்களுக்கு? இதுக்காகத்தானே மெத்தையும் கோவாவுமாய் இவ்வளவு தூரம்…”

“கதையாதேங்கோ. கண்ணை வையுங்கோ. கையைத் தாங்கோ.” அவருடைய இடக்கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினார்.

“ஐயோ அம்மா, என்ரை மணிக்கூடு!”

“இல்லாட்டி அது மறையிற நேரத்திலை நீங்கள் குனிஞ்சு மணி பாப்பியள். நான் அறிவன் உங்களை. மறைஞ்சால் கத்துங்கோ, திரும்பி வந்தால் கத்துங்கோ. கண்ணை எடுத்தால் இந்த வெங்காயத்துக்குள்ளையே புதைச்சுப்போடுவன்.”

அடைக்கலநாதன் வெறுங்கையைத் தடவிக்கொண்டு குனிந்தார். கமலாவதி மூச்சு விடவில்லை. தம்பிஐயா கடித்த பீடியை இழுக்கவில்லை. ஐரிஸ் அண்ணாந்து பார்த்தார். மேலே எல்லாம் இருந்தபடியே இருந்தது. எதுவும் தமக்குத் தெரியப்போவதில்லை என்று தெரிந்தும் கண்ணை இமைக்காமல் அந்த இடத்தையே பார்த்தார். நெஞ்சு பம்பைவிடப் பெரிதாக அடித்தது.

“வெளிக்கிட்டுது!”

அடைக்கலநாதனின் குரல். பஸ் புறப்படுவதை அறிவிக்கிற பழைய பஸ் நிலையக் குரல், வெங்காயப் பாத்தியைத் தாண்டித் தெருவரை கேட்டது. டிக். டிக்.

“வந்திட்டுது! வந்திட்டுது!”

பிறகும் அவர் துளையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. ஐரிஸ் ஒலிப்பதிவை நிறுத்தினார்.

“என்ன, அண்ணை, என்ன நடந்தது?” என்றார் தம்பிஐயா.

“பொறு.” அடைக்கலநாதன் மெல்ல நிமிர்ந்தார். “நான் கண் வெட்டி இமைச்சிருப்பன்.”

ஐரிஸ் கிட்டப் போனார். “கண் வெட்டினதோ, சம்மந்தி?”

அடைக்கலநாதன் மறுபடி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தனக்குள் யாரோ ஒரு சாரதியை நிறுத்தி விசாரிப்பதுபோல உதடு அசைந்தது.

அந்த நேரம் ஷரோனின் அழைப்பு வந்தது. சாப்பாட்டு மேசைக்காரர் எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள், சிரிப்புக் கேட்டது. “அம்மா, அணைச்சாச்சோ?”

வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்ல ஐரிசிடம் எதுவும் இல்லை. தொலைபேசியை அடைக்கலநாதனிடம் நீட்டினார்.

அவர் வாங்கிக் காதில் வைத்தார். “பிள்ளை, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடு.” அங்கே சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். “நான் கண் வெட்டியிருந்தால் மூண்டும் எல்லோ போயிருக்கும். பக்கத்திலை நிண்ட ரெண்டும் அப்பிடியே நிண்டது. நடுவிலை நிண்டது மட்டும் இல்லாமல் போய்த் திரும்பி வந்தது.” ஒரு தரம் இருமினார். “ஓம், பிள்ளை. நடந்தது. நான் கண்டனான்.”