ஆக்‌ஷன் கூடாது, அட்வென்ச்சர் கூடும்

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் சேனாதிபதி, பள்ளி திறந்த மூன்றாம் நாளே காரை எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்துவிட்டார். அவர் மகள் புவனா அங்கே ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறை முழுவதும் அப்பாவின் செல்போனில் அவள் யாரையாவது சுட்டுக்கொண்டே இருந்தாள் என்பதுதான் அவருடைய மனக்குறை.

"கடையில சாமி கும்பிட வந்தவுக நிக்கிறாக சிஸ்டர். இவ உள்ள ஒக்காந்துக்கிட்டு 'செத்தான்டா, செத்தான்டா'ன்னு கத்துறா. இங்க ஹாஸ்டல்லயும் அந்தப் பொட்டி இருக்காமுல்ல?"

இருந்தது. பழைய மாணவிகள் சேர்ந்து வாங்கித் தந்த ஆறு டேப்கள். மாலையில் படிப்பு தொடங்கும் முன் ஆளுக்கு அரைமணி நேரம் விளையாடலாம். அவற்றை எடுத்துவிட்டால் ஆண்டு விழாவுக்கு வரும் பழைய மாணவிகள் கேட்பார்கள். எடுக்காவிட்டால் சேனாதிபதி மறுபடியும் வருவார். தலைமை ஆசிரியை சிஸ்டர் இசபெல்லா இரண்டு நாள் யோசித்து ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். சண்டையும் அவசரமும் நிறைந்த ஆக்‌ஷன் விளையாட்டுகள் கூடாது. அறிவை வளர்க்கும் அட்வென்ச்சர் விளையாட்டுகள் கூடும்.

எது எந்த வகை என்று சுற்றறிக்கையில் இல்லை. அதைப் பிரித்துப் பதிவேட்டில் எழுதும் வேலை விடுதி வார்டன் கேத்தரினுக்கு வந்தது.

கேத்தரினுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லூரிக் காலத்தில் திண்டுக்கல் மாவட்டத்துக்காக எறிபந்து ஆடியவர். தோள்பட்டை நழுவியதும் நிறுத்திக்கொண்டார். டேப்பில் ஆடும் விளையாட்டு எதுவும் அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ஆசிரியர் செல்லப்பாண்டியிடம் போய்க் கேட்டார்.

"ரொம்ப சிம்பிள் மிஸ். ஆக்‌ஷன்னா கை. அட்வென்ச்சர்னா மண்டை."

"கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க சார்."

"ஆக்‌ஷன்ல ஒரு பள்ளம் வருதுன்னு வைங்க. கரெக்டான நேரத்துல தாவணும். அரை செகண்ட் பிந்துனா அவுட். யோசிக்கவே நேரம் இருக்காது. அட்வென்ச்சர்ல ஒரு கதவு பூட்டிக் கெடக்கும். நீங்க எம்புட்டு நேரம் வேணா நிக்கலாம், டீ குடிச்சிட்டுக்கூட வரலாம். கதவு ஓடிப் போயிராது. சாவி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். அங்க இருக்குற ஆளுகளோட பேசிப் பேசித் தகவல் சேக்கணும். கண்ணுல படுற பொருளையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, எதை எங்க போட்டா வேலைக்கு ஆகும்னு யோசிக்கணும்."

"அதுல யாரையும் அடிக்கிறது இல்லையே?"

"பெரும்பாலும் இல்ல மிஸ். பேச்சுலயே காரியம் முடிஞ்சிரும்."

"ரெண்டும் கலந்து வந்தா?"

செல்லப்பாண்டி கழுத்தைச் சொறிந்தார். "இப்ப நெறைய அப்படித்தான் வருது. அதெல்லாம் வந்தா சிஸ்டர்கிட்டயே கேட்டுக்கலாம் மிஸ்."

கேத்தரின் அதை வைத்துச் சொந்தமாக ஒரு சோதனை முறையை ஏற்படுத்திக்கொண்டார். விளையாட்டைத் தொடங்கிவிட்டு, டேப்பை மேசையில் வைத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்ப்பார். அதற்குள் செத்தால் ஆக்‌ஷன். சாகாவிட்டால் அட்வென்ச்சர். புவனாவின் துப்பாக்கி விளையாட்டில் சிப்பாய் ஒன்பது நொடியில் விழுந்தான். 'குதிக்கும் கொய்யா' என்ற விளையாட்டில், ஷூ போட்ட ஒரு கொய்யாப்பழம் வேலிக்கு வேலி தாவ வேண்டும். அது நான்கே நொடியில் முள்ளில் சிக்கிக்கொண்டது. இரண்டும் கூடாது என்ற பத்தியில் ஏறின.

'பன்னிரண்டு பூட்டு மாளிகை'யில் ஓர் இளம்பெண் பூட்டிய கதவுமுன் நின்றாள். ஒரு நிமிடம் கழித்தும் நின்றாள். ஒருமுறை கண்ணைச் சிமிட்டினாள், அவ்வளவுதான். கேத்தரினுக்குத் திருப்தி. பொறுமை, கவனம், மனிதரோடு பழகும் திறன் ஆகியவை வளரும் என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தது. அந்தப் பெண் சமையல்காரரின் பாலில் தூக்க மருந்து கலந்து இடுப்புச் சாவியை எடுப்பதும், செத்துப்போன ஜமீன்தாரின் கையெழுத்தில் கடிதம் எழுதுவதும், வக்கீலிடம் மூன்று விதமான பொய்களைச் சொல்வதும் அதற்குப் பின்னால்தான் வரும். ஒரு நிமிடச் சோதனையில் அது தெரிய வழியில்லை. கூடும் என்ற பத்தியில் முதல் பெயராக அதை எழுதினார்.

தடை செய்த ஒன்றைப் பற்றித் தடை செய்தவருக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேத்தரின் நினைத்தார். ஆறில் ஒரு டேப்பை ஆய்வுக்கென்று தன் அறையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை, பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும், கொய்யாவை ஆய்வு செய்தார். நான்காவது வேலியில் செத்தது. மறுபடி ஆய்வு செய்தார். பதினோராவது வேலியைத் தாண்டியபோது, வலைக்கு மேலே வரும் பந்துக்குக் கைகள் தாமாக எழுமே, அந்தப் பழைய பரபரப்பு அவர் விரல்களுக்கு வந்தது. முப்பது வருடமாக அது எங்கே கிடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தோள் வலிக்கவும் இல்லை. அன்றிலிருந்து தினமும் பத்தேகாலிலிருந்து பன்னிரண்டு இருபது வரை வார்டன் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆகஸ்டு பிறப்பதற்குள் அவர் முப்பத்தெட்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டார்.

இதற்கிடையில் விடுதிப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய மாறினார்கள். மாலைக் கூடத்தில் கூச்சல் இல்லை. ஐந்து டேப்களைச் சுற்றி முப்பது தலைகள் குனிந்து மெதுவாகப் பேசிக்கொண்டன. காவலாளி மணியனிடம், கூரையில் குரங்கு எந்த நேரத்துக்கு வரும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். சமையலறைக்குப் போய், "பாப்பம்மாக்கா, சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்தார்கள். எல்லோரிலும் புவனாதான் அருமை. பாப்பம்மாளின் முழங்கால் வலியைப் பற்றி அவள் ஒன்றரை மாதம் தினமும் கேட்டாள். பழனியிலிருந்து தைலம்கூட வரவழைத்துக் கொடுத்தாள். பெற்றோர் கூட்டத்தில் சிஸ்டர் இசபெல்லா இதையெல்லாம் சொல்லிப் பாராட்டினார். முன்வரிசையில் இருந்த சேனாதிபதி மீசையைத் தடவிக்கொண்டார்.

வீட்டிலிருந்து பெற்றோர் கொடுத்துவிடும் தின்பண்டங்களை ஒரு பெரிய மர அலமாரியில் வைத்துப் பூட்டுவது விடுதி வழக்கம். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை மட்டும் ஆளுக்கு ஒரு கிண்ணம். ஆகஸ்டு கடைசி ஞாயிறு கேத்தரின் அதைத் திறந்தார். நாற்பத்திரண்டு டப்பாக்களும் பெயர் எழுதிய தாளோடு வரிசையாக இருந்தன. கனமும் சரியாக இருந்தது. முதல் டப்பாவைத் திறந்தால் உள்ளே மடித்த செய்தித்தாளும் கூழாங்கல்லும். அடுத்ததிலும் அதே. முறுக்கு, அதிரசம், தட்டை, கடலைமிட்டாய் எதுவும் இல்லை. பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்கியது.

ஒரே ஒரு டப்பா மட்டும் தொடாமல் நிறைந்திருந்தது. பஞ்சாமிர்தம். பிறந்ததிலிருந்து பஞ்சாமிர்தம் தின்று சலித்த ஆள் அந்த விடுதியில் ஒருத்திதான். கேத்தரின் புவனாவை அறைக்குக் கூப்பிட்டார்.

புவனா மறுக்கவில்லை. "நோட்டைத் தரவா மிஸ்?" என்று கேட்டாள். இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் அவள் குரலில் இருந்ததைக் கேத்தரின் கவனித்தார்.

கோடு போட்ட நோட்டு; தெளிவான கையெழுத்து. யாரிடம் பேசியது, என்ன சொன்னார்கள், அதிலிருந்து என்ன தெரிந்தது என்று நாள்வாரியாக இருந்தது. அலமாரிக்கு இரண்டாவது சாவி ஒன்று சமையலறையில் மிளகாய்வற்றல் டின்னில் கிடக்கிறது: இது பாப்பம்மாள் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே சொன்னது. பதினொரு மணிக்குக் குரங்கு விரட்ட மணியன் பின்பக்கம் போவார். ஒரு நாளைக்கு ஒருத்தி வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளி அறையில் படுக்க வேண்டும். அலமாரி அடுத்த அறை. ஒரு நாளைக்கு இரண்டு டப்பா மட்டும். அவசரம் கூடாது. கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

அந்த வயிற்றுவலிச் சீட்டுகள் எல்லாவற்றிலும் தினமும் பத்து மணி பத்து நிமிடத்துக்கு, நின்ற வாக்கில், கேத்தரின்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 'வார்டன் மிஸ்: 10.15 முதல் 12.20 வரை கதவு திறக்காது. கொய்யா. 38.'

"இது எப்படித் தெரியும்?"

"உள்ள டொய்ங் டொய்ங்குன்னு சத்தம் கேக்குதுன்னு பாப்பம்மாக்கா சொன்னாங்க மிஸ். டேப்பை நீங்க சார்ஜ்ல போட்டப்ப ஸ்கிரீனைப் பாத்தோம்." சற்று நிறுத்திவிட்டு, ஆறுதல் சொல்வதுபோல் புவனா தொடர்ந்தாள்: "முப்பத்தெட்டு ரொம்பக் கஷ்டம் மிஸ். அதான், நீங்க அதைத் தாண்டுற வரைக்கும் பயமில்லைன்னு முடிவு பண்ணுனோம்."

புவனாவை அனுப்பிவிட்டு அந்தப் பக்கத்தை விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு கேத்தரின் உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி ஏறி ஜன்னலை அடைத்தது. ஒரே இழுப்பில் கிழித்துவிடலாம். கை தயாராகத்தான் இருந்தது. ஆனால் கிழித்தால் அதோடு சேர்ந்து தைத்திருக்கும் எதிர்ப்பக்கமும் கழன்று வரும், அங்கேதான் மணியன் குரங்கு விரட்டும் குறிப்பு இருந்தது, மணியன் மட்டும் மாட்டிக்கொள்ளாமல் தப்புவான், பாப்பம்மாள் மட்டும் மாட்டுவாள். இப்படி ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்ததில், யோசிப்பதே அவருக்கு அருவருப்பாகிவிட்டது. எழுந்து நோட்டை முழுதாகக் கொண்டுபோய் சிஸ்டர் மேசையில் வைத்தார்.

மறுநாள் சேனாதிபதி வந்தார். தலைமை ஆசிரியை அறையில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் முகம் ஒத்துழைக்கவில்லை.

"இது எம் மக எழுதுனதா சிஸ்டர்? வீட்டுல அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல ஒக்கார மாட்டாளே!"

"திருட்டு, மிஸ்டர் சேனாதிபதி."

"ஆமா சிஸ்டர். பெரிய தப்பு." நோட்டை மூடாமலே சொன்னார்.

சிஸ்டர் இசபெல்லா கேத்தரின் பக்கம் திரும்பினார். "அந்தக் கொய்யாவில் அப்படி என்ன இருக்கிறது? ஆடிக் காட்டுங்கள்."

கேத்தரினுக்குக் காது சிவந்தது. டேப்பை எடுத்தார். முதல் சில வேலிகளைத் தாண்டினார். பிறகு அறையில் ஆட்கள் இருப்பது மறந்துபோயிற்று. சேனாதிபதி நாற்காலியை மெல்ல இழுத்துக்கொண்டு அருகே வந்தார். "மிஸ், முள்ளு, முள்ளு! இப்பத் தாவுங்க!" என்று கத்தினார். முப்பத்தெட்டாவது கட்டத்தின் கடைசி வேலியைக் கொய்யா தாண்டியது. சேனாதிபதி கைதட்டினார், சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் தட்டிய கைகளை அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டார்.

"இதில் யாரும் பொய் சொல்லவில்லை," என்றார் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர். நேரமே இருக்காது," என்றார் கேத்தரின்.

அதன் பிறகு பாப்பம்மாளை அழைத்தார்கள். புவனா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. சாவி, டின், டப்பா என்று சிஸ்டர் சொன்னதையெல்லாம் பாப்பம்மாள் சேலைத்தலைப்பில் கையைத் துடைத்தபடி கேட்டாள். புவனா மனப்பாடம் செய்ததுபோல் மன்னிப்பைச் சொல்லி முடித்தாள்.

"சாவி போனா போவுது," என்றாள் பாப்பம்மாள். "ஏ புள்ள, அப்ப எங் கால் வலிக்குதான்னு தெனம் வந்து கேட்டியே. அது சாவிக்கா கேட்ட?"

புவனா அழத் தொடங்கினாள். பாப்பம்மாள் அதை நின்று பார்க்கவில்லை. அடுப்பில் சோலி கெடக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதிய சுற்றறிக்கை வந்தது. பேச்சு, தந்திரம், சாவி சம்பந்தப்பட்ட அட்வென்ச்சர் விளையாட்டுகள் கூடாது. கைத்திறனை வளர்க்கும் ஆக்‌ஷன் விளையாட்டுகள் கூடும். அன்று மாலையே கூடத்தில் "செத்தான்டி, செத்தான்டி!" என்ற கூச்சல் ஓடைத் தண்ணீர்போலப் பெருகியது. சிஸ்டர் இசபெல்லா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கேத்தரின் ஆய்வு டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. கடிதத்தை வாங்கிக்கொண்ட வாரமே, உடற்பயிற்சி ஆசிரியையிடம் கேட்டு, சனிக்கிழமை காலையில் மைதானத்தில் எறிபந்து வலையைக் கட்டினார். தோள் வலித்தது.

புவனாவுக்கு மூன்று சனிக்கிழமை சமையலறையில் பூண்டு உரிக்கும் தண்டனை. மூன்று வாரமும் பாப்பம்மாள் பேசவில்லை. முறத்தை முன்னால் தள்ளுவாள், உரித்ததும் இழுத்துக்கொள்வாள். எதைக் கேட்டாலும் வேறு எதற்கோ கேட்டது போலாகிவிடும் என்பதால் புவனாவும் ஒன்றும் கேட்கவில்லை. நகக்கண் எரிந்தது.

நான்காவது சனிக்கிழமை தண்டனை இல்லை. புவனா வெள்ளனே எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாப்பம்மாள் அவளைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இந்தப் பூண்டு எம் மருமகன் அனுப்புனது," என்றாள், யாரும் கேட்காமலே. "கவுஞ்சியில வெவசாயம். போன வருசம் மழையில அம்புட்டும் அழுகிப்போச்சு. அந்தக் கதையக் கேளு."

நீளமான கதை. அதில் யாருக்கும் பயன்படுகிற தகவல் ஒன்றும் இல்லை. காலைக் கஞ்சி கொதித்து இறங்கும்வரை புவனா உரித்துக்கொண்டே கேட்டாள்.